‘நிர்வாக வசதிக்காக’: வங்காளத்தைப் பிரித்த ஒரு கடிதத்தின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு போரைப் பத்தியோ ராஜாவைப் பத்தியோ இல்ல, ஒரு ஆபீஸ் கடிதத்தைப் பத்தி. 1903 டிசம்பர் 3-ம் தேதி, இந்திய அரசின் உள்துறைச் செயலர் ஹெர்பர்ட் ரிஸ்லி கையெழுத்துப் போட்டு வங்காள அரசின் தலைமைச் செயலருக்கு அனுப்பின கடிதம் அது. எழுதின நடை ரொம்ப மரியாதையானது. அதுல மிரட்டல் இல்ல, கோபம் இல்ல. சில மாவட்டங்களை ஒரு நிர்வாகத்துல இருந்து இன்னொரு நிர்வாகத்துக்கு மாத்தலாம்னு நினைக்கிறோம், உங்க கருத்து என்னன்னு கேட்குற கடிதம்.

ஆனா அந்தக் கடிதத்துல தொடங்கின விஷயம் ரெண்டே வருஷத்துல தெருவுக்கு வந்துச்சு. துணிக்கடையை மூட வெச்சுது. தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் எதிரொலிச்சுது. எட்டு வருஷம் கழிச்சு ஒரு சக்கரவர்த்தியே நேர்ல வந்து அதை ரத்து பண்ண வேண்டியதாச்சு.

நீங்க வேலைக்குப் போறவங்களா இருந்தா இந்த வகைக் கடிதம் உங்களுக்கு நல்லாத் தெரியும். திங்கள்கிழமை காலையில ஹெச்.ஆர்.ல இருந்து ஒரு மெயில் வரும். “நிர்வாக வசதிக்காக உங்கள் பிரிவு இன்னொரு பிரிவுடன் இணைக்கப்படுகிறது.” என் முதல் வேலையில எங்க சென்னை டீமை வேற ஊர் டீமோட சேர்க்கிறதா இப்படி ஒரு மெயில் வந்துச்சு. மதியச் சாப்பாட்டுக்குள்ள டீக்கடையில நாலு காரணம் உலாவ ஆரம்பிச்சிருச்சு. மெயில்ல இருந்த காரணத்தை மட்டும் ஒருத்தரும் நம்பல. ஏன் நம்பலங்கிற கேள்விக்கு 1903-ம் வருஷக் கடிதம் ஒரு நல்ல பதில் வெச்சிருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

பிரச்சினை உண்மையானது

முதல்ல ஒரு விஷயத்தை நியாயமாச் சொல்லிடணும். வங்காள மாகாணத்தை நிர்வாகம் பண்றது கஷ்டம்னு ஆங்கிலேயர்கள் சொன்னது கட்டுக்கதை இல்ல.

அன்றைய வங்காள மாகாணம்னா இன்னைக்கு இருக்கிற மேற்கு வங்காளமும் பங்களாதேஷும் மட்டும் இல்ல. பீகார், ஒரிசா, சோட்டா நாக்பூர் எல்லாம் அதுக்குள்ளதான். பரப்பு சுமார் 1,89,000 சதுர மைல். மக்கள்தொகை 7.85 கோடி. ஒப்பிட்டுப் பாருங்க: 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. அதைவிட அதிகமான மக்கள், கிட்டத்தட்ட நாலு மடங்கு நிலப்பரப்பு. இது மொத்தத்தையும் கல்கத்தாவுல உட்கார்ந்து ஆண்டது ஒரே ஒரு லெப்டினன்ட் கவர்னர். பாரத்தைப் பகிர்ந்துக்க அவருக்கு அப்போ நிர்வாகக் குழுகூடக் கிடையாது.

இதோட விளைவும் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 1866-ல ஒரிசாவுல பெரும் பஞ்சம் வந்தப்போ லட்சக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. கல்கத்தா நிர்வாகத்துக்கு நிலைமையோட தீவிரம் புரியவே ரொம்ப தாமதமாச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மாகாணம் ஒரு கைக்கு அடங்காதுங்கிற பேச்சு பலமாச்சு. 1874-ல அசாமைத் தனியாப் பிரிச்சாங்க. வங்காளி பேசுற சில்ஹட் மாவட்டத்தையும் அதோட சேர்த்து அனுப்பினாங்க. 1896-97 வாக்கில், அசாமின் தலைமை ஆணையரா இருந்த வில்லியம் வார்டு, சிட்டகாங், டாக்கா, மைமன்சிங் பகுதிகளையும் எங்களுக்கே கொடுங்கன்னு கேட்டார். அவருக்கு அடுத்து வந்த ஹென்றி காட்டன் அதை எதிர்த்தார். யோசனை அப்படியே கிடப்புல போச்சு.

அதாவது, கர்சன் வைஸ்ராயா வர்றதுக்கு முன்னாடியே இந்த யோசனைக்கு வயசாயிருச்சு. அதனால 1903 கடிதத்துல சொன்ன காரணத்தைப் பொய்னு தள்ளிட முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

சுத்திச் சுத்தி வந்த ஃபைல்

கர்சன் பிரபு 1899-ல வைஸ்ராயா வந்தார். கடுமையான உழைப்பாளி, எல்லாத்தையும் தானே படிக்கணும்னு நினைக்கிற ஆள், பொறுமை ரொம்பக் கம்மி. 1902-ல அவர் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்துச்சு. மாகாண எல்லை மாற்றம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஃபைல் 14 மாசமா அதிகாரிகளுக்குள்ளேயே சுத்திக்கிட்டிருந்தது அப்போதான் அவருக்குத் தெரிஞ்சுது. ஒவ்வொருத்தரும் தன் கருத்தை எழுதி அடுத்தவருக்குத் தள்ளியிருக்காங்க. நாட்டை ஆளுறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. பூமி தன்னைத்தானே சுத்துற மாதிரி ஃபைல் சுத்தியிருக்குன்னு கிண்டலும் கோபமுமா கர்சன் ஒரு குறிப்பு எழுதினார். இந்திய நிர்வாக வரலாறு படிக்கிறவங்க இன்னைக்கும் அந்தக் குறிப்பை ரசிச்சுப் படிப்பாங்க.

அந்தக் கிண்டலுக்குப் பின்னாடி அந்த அரசாங்கம் எப்படி ஓடுச்சுங்கிறது தெரியுது. அங்க எல்லாமே ரெண்டு வகைக் காகிதத்துல நடந்துச்சு. ஒண்ணு, வெளியே போற கடிதம். இன்னொண்ணு, ஃபைலுக்குள்ளேயே இருக்கிற நோட், அதாவது அதிகாரிகள் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிற குறிப்பு. கடிதத்தை எத்தனையோ பேர் படிப்பாங்க, சில சமயம் அது அச்சாகி ஊர் முழுக்கப் போகும். நோட்டை அஞ்சாறு பேர்தான் படிப்பாங்க. அதனால கடிதத்துல நாகரிகம் இருக்கும், நோட்டுல உண்மை இருக்கும்.

கடிதத்தோட நடையையும் கவனிக்கணும். அந்தக் காலத்து அரசுச் செயலர்கள் ‘நான் முடிவு பண்ணேன்’னு எழுதவே மாட்டாங்க. ‘இதைத் தெரிவிக்கும்படி நான் பணிக்கப்பட்டிருக்கிறேன்’ங்கிறதுதான் வழக்கமான தொடக்கம். கடைசியில ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’னு முடியும். நடுவுல முடிவு இருக்கும், முடிவு பண்ண ஆள் மட்டும் இருக்க மாட்டார். ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ன்னு இன்னைக்கு வர்ற மெயிலும் அதே பரம்பரைதான்.

கடிதம் என்ன சொல்லுச்சு

இப்போ ரிஸ்லிக்கு வருவோம். இவர் சாதாரண குமாஸ்தா இல்ல. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மக்களோட மூக்கு நீள அகலத்தை அளந்து அதை வெச்சு சாதிகளைத் தரம் பிரிச்சவர். மனுஷங்களைப் பட்டியல் போட்டுப் பிரிக்கிறதுல அவருக்கு அபார நம்பிக்கை. இன்னைக்கு அந்த மூக்கு ஆராய்ச்சியை அறிவியல்னு யாரும் ஏத்துக்கிறதில்ல. ஆனா 1903-ல அவர் இந்திய அரசின் உள்துறைச் செயலர்.

அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோட சாரம் இதுதான். வங்காளத்தோட பாரத்தைக் குறைக்கணும். அதுக்கு சிட்டகாங் டிவிஷனையும், டாக்கா, மைமன்சிங் மாவட்டங்களையும் அசாமோட சேர்க்கணும். அசாமுக்கு சிட்டகாங் துறைமுகம் கிடைக்கும். அதிகாரிகளுக்காக வங்காளத்துக்கிட்ட கை ஏந்த வேண்டியதில்ல. கல்கத்தாவுல இருந்து தூரமா இருக்கிற கிழக்கு மாவட்டங்களுக்கும் கூடுதல் கவனிப்பு கிடைக்கும்.

கடிதத்துல இன்னொரு பகுதியும் உண்டு. ஒரியா மொழி பேசுற மக்கள் மூணு நிர்வாகங்கள்ல சிதறிக் கிடக்காங்க. அவங்களை ஒண்ணாக்கணும். அதுக்காக மத்திய மாகாணத்துல இருந்து சம்பல்பூரையும், நம்ம சென்னை மாகாணத்துல இருந்து கஞ்சம் மாவட்டத்தையும், கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளையும் எடுத்து வங்காளத்துல இருக்கிற ஒரிசாவோட சேர்க்கலாம்.

இங்கதான் ஒரு சாதாரண வாசகன் நின்னு யோசிப்பான். ஒரே கடிதம். ஒரு பக்கத்துல ‘ஒரே மொழி பேசுறவங்க ஒண்ணா இருக்கணும்’னு சொல்லுது. அதே கடிதம்தான் வங்காளி பேசுறவங்களை ரெண்டாப் பிரிக்கலாம்னும் சொல்லுது. மொழி ஒரு நியாயம்னா அது ரெண்டு பேருக்கும் நியாயம் இல்லையா? நிர்வாக வசதிதான் நியாயம்னா ஒரியாவுக்கு மட்டும் மொழி எதுக்கு? கல்கத்தாவுல வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் நிறைஞ்சிருந்த காலம் அது. இதைக் கவனிக்காம விடுவாங்களா?

நோட் என்ன சொல்லுச்சு

அவங்க சந்தேகப்பட்டது சரிதான்னு பின்னாடி ஆவணக் காப்பகத்தைத் திறந்தப்போ தெரிஞ்சுது. சுமித் சர்க்கார் மாதிரியான வரலாற்று ஆசிரியர்கள் அந்தக் காலத்து உள் குறிப்புகளை எடுத்து வெளியே வெச்சாங்க.

1904 பிப்ரவரியில இதே ரிஸ்லி ஒரு நோட் எழுதுறார். வங்காளம் ஒண்ணா இருந்தா ஒரு பெரிய சக்தி, பிரிச்சா ஆளுக்கொரு திசையில இழுப்பாங்க, காங்கிரஸ் தலைவர்கள் பயப்படுறது இதுக்குத்தான், அவங்க பயம் சரிதான், அதுதான் இந்தத் திட்டத்தோட பெரிய பலன்ங்கிற மாதிரி எழுதுறார். அந்த வருஷம் டிசம்பர்ல இன்னொரு நோட். அதுல இன்னும் வெளிப்படை. நம்ம ஆட்சிக்கு எதிரா உறுதியா நிக்கிற ஒரு கூட்டத்தைப் பிளந்து பலவீனப்படுத்துறது நம்ம முக்கிய நோக்கங்கள்ல ஒண்ணுன்னு சொல்றார்.

கர்சனும் அப்படித்தான். 1904 பிப்ரவரியில கிழக்கு வங்காளத்துல சுற்றுப்பயணம் போனார். 17-ம் தேதி, லண்டன்ல இந்திய விவகாரங்களைக் கவனிச்ச மந்திரி பிராட்ரிக்குக்கு ஒரு தனிக் கடிதம். வங்காளிகள் தங்களை ஒரு தேசம்னு நினைச்சுக்கிறாங்க, இப்போ அவங்க கூச்சலுக்கு விட்டுக்கொடுத்தா இனி எப்பவும் பிரிக்க முடியாதுன்னு எழுதினார். மறுநாள் 18-ம் தேதி, டாக்காவுல பொதுமேடை. பழைய முஸ்லிம் ஆட்சிக் காலத்துக்கு அப்புறம் கிழக்கு வங்காள முஸ்லிம்களுக்குக் கிடைக்காத ஒற்றுமை இந்தப் புது அமைப்புல கிடைக்கும்னு பேசினார்.

அடுத்தடுத்த ரெண்டு நாள், ரெண்டு காரணம். 1903 கடிதத்துல இருந்த துறைமுகமும் பாரக் குறைப்பும் மூணாவது காரணம். மூணும் ஒரே நேரத்துல உண்மையா இருந்திருக்கலாம். ஆனா ஆளுக்கு ஒண்ணுதான் சொன்னாங்க. யாருக்கு எதைச் சொன்னா ஒத்துப்பாங்களோ அதை மட்டும்.

கருத்துக் கேட்டாங்க, மக்கள் சொன்னாங்க

கடிதம் வெளியானதும் கிழக்கு வங்காளம் கொதிச்சுது. முதல் ரெண்டு மாசத்துல மட்டும் டாக்கா, மைமன்சிங், சிட்டகாங் பக்கம் சுமார் 500 எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்ததா வரலாற்று நூல்கள் சொல்லுது. அப்போ நடந்ததெல்லாம் ரொம்ப முறையான எதிர்ப்பு. மனு, தீர்மானம், துண்டுப் பிரசுரம். கருத்துக் கேட்டிருக்காங்க, கருத்துச் சொல்லுவோம்னு நம்பின எதிர்ப்பு.

அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் அரசாங்கத்துக்கிட்ட இருந்து சத்தமே இல்ல. பலர் திட்டம் கைவிடப்பட்டுச்சுன்னே நினைச்சாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னா, கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்கும் நடுவுல போன காகிதங்கள்ல திட்டம் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு. 1905 பிப்ரவரியில லண்டனுக்கு அனுப்பினாங்க. ஜூன்ல ஒப்புதல் வந்துச்சு. ஜூலை 19-ம் தேதி சிம்லாவுல இருந்து அரசுத் தீர்மானம் வெளியாச்சு.

அதைப் படிச்சவங்க அதிர்ந்துட்டாங்க. 1903 கடிதத்துல இருந்தது சிட்டகாங் டிவிஷனும் ரெண்டு மாவட்டங்களும். இப்போ வந்த அறிவிப்புல முழு டாக்கா டிவிஷன், சிட்டகாங் டிவிஷன், ராஜ்ஷாஹி டிவிஷனின் பெரும்பகுதி, மால்டா, இன்னைக்கு திரிபுராவா இருக்கிற மலை திப்பெரா, இது எல்லாமும் அசாமும் சேர்ந்து ‘கிழக்கு வங்காளமும் அசாமும்’னு ஒரு புது மாகாணம். பரப்பு 1,06,540 சதுர மைல், மக்கள் 3.1 கோடி, அதுல 1.8 கோடி முஸ்லிம்கள். தலைநகரம் டாக்கா. மீதி இருந்த வங்காளத்துல வங்காளி பேசுறவங்க சுமார் 1.7 கோடி, இந்தியும் ஒரியாவும் பேசுறவங்க சுமார் 3.7 கோடி. அதாவது ‘வங்காளம்’ங்கிற பேர் இருக்கிற மாகாணத்துலயே வங்காளிகள் சிறுபான்மை.

சின்னத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்டாங்க. வேண்டாம்னு பதில் வந்துச்சு. பெரிய திட்டத்துக்குப் பொதுமக்கள்கிட்ட கேட்கவே இல்ல, நேரா அறிவிச்சாங்க. மக்களைக் கோபப்படுத்தினது பிரிவினை மட்டும் இல்ல. நாம பேசினதை ஒருத்தரும் காதுல வாங்கலங்கிறதுதான் அந்தக் கோபத்தோட அடி ஆழம்னு எனக்குத் தோணுது. மனு எழுதினவன் மறுபடியும் மனு எழுத மாட்டான். 1905 ஆகஸ்ட் 7-ம் தேதி கல்கத்தா டவுன் ஹால்ல நடந்த கூட்டத்துல அந்நியத் துணியைப் புறக்கணிக்கிற தீர்மானம் வந்துச்சு. அக்டோபர் 16-ம் தேதி பிரிவினை அமலுக்கு வந்தப்போ பல வீடுகள்ல அடுப்பு எரியல. தாகூர் உள்பட ஆயிரக்கணக்கானவங்க தெருவுல இறங்கி ஒருத்தர் கையில ஒருத்தர் ராக்கி கட்டினாங்க. இன்னைக்கு பங்களாதேஷின் தேசிய கீதமா இருக்கிற பாட்டும் அந்தப் போராட்ட நாட்கள்ல பிறந்ததுதான்.

இன்னொரு வேடிக்கை. இதையெல்லாம் தொடங்கி வெச்ச கர்சன், படைத்தளபதி கிச்சனரோட நடந்த சண்டையில ஆகஸ்ட்லயே ராஜினாமா பண்ணிட்டார். நவம்பர்ல கப்பல் ஏறிட்டார். அறிவிப்பு போட்டவர் கிளம்பிட்டார், அதோட வாழ வேண்டியவங்க இங்க இருந்தாங்க.

அந்தச் சுதேசி அலை நம்ம ஊருக்கும் வந்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1906 அக்டோபர்ல, வ.உ.சி. தூத்துக்குடியில சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்ணினார். பாரதி சென்னையில பத்திரிகையில சுதேசியம் எழுதினார். 1907-ல பிபின் சந்திர பால் வங்காளத்துல இருந்து வந்து சென்னைக் கடற்கரையில பேசினப்போ கூட்டம் அலைமோதிச்சு. டாக்கா மாவட்டம் எந்த மாகாணத்துல இருக்குங்கிறது தூத்துக்குடிக்காரருக்கு நேரடிப் பிரச்சினை இல்ல. ‘எங்களை யாரும் கேட்கல’ங்கிற உணர்வு மட்டும் அவருக்கு நல்லாப் புரிஞ்சுது.

ரெண்டாவது கடிதம்

கதை இங்க முடிஞ்சிருந்தா ‘ஆங்கிலேயன் கெட்டவன், மக்கள் ஜெயிச்சாங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இன்னொரு கடிதம் இருக்கு.

புது மாகாணத்தால நிஜமாவே பலன் அடைஞ்சவங்க, பலனை எதிர்பார்த்தவங்க இருந்தாங்க. டாக்காவுக்குத் தலைநகர அந்தஸ்து வந்துச்சு. கிழக்கு வங்காள முஸ்லிம்கள்ல படிச்ச தலைமுறைக்கு வேலை, பள்ளிக்கூடம், கவனிப்புங்கிற நம்பிக்கை வந்துச்சு. டாக்கா நவாப் சலீமுல்லா பிரிவினையை ஆதரிச்சார். 1906 டிசம்பர்ல அதே டாக்காவுலதான் முஸ்லிம் லீக் உருவாச்சு. இது மாத்த முடியாத முடிவுன்னு லண்டன்ல இருந்த மந்திரி மார்லி பகிரங்கமாச் சொன்னார். அந்த மக்கள் அதை வாக்குறுதியா எடுத்துக்கிட்டாங்க.

1911 ஆகஸ்ட் 25-ம் தேதி, வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அரசாங்கம் லண்டனுக்கு ரகசியமா ஒரு கடிதம் அனுப்புது. தலைநகரை கல்கத்தாவுல இருந்து டெல்லிக்கு மாத்தணும், வங்காளி பேசுற பகுதிகளை மறுபடி ஒண்ணாக்கணும், பீகாரையும் ஒரிசாவையும் தனி மாகாணமாக்கணும், அசாமைப் பழையபடி தனியா விடணும். நவம்பர் 1-ம் தேதி ஒப்புதல் வந்துச்சு. விஷயம் இந்தியாவுல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். டிசம்பர் 12-ம் தேதி டெல்லி தர்பார்ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திடீர்னு அறிவிச்சார். ரெண்டு கடிதங்களையும் அன்னைக்கே வெளியிட்டாங்க.

1903 கடிதத்தோட ஒப்பிட்டா இந்தக் கடிதம் எவ்வளவோ நேர்மையானது. பிரிவினையால வங்காளிகள் ரெண்டு மாகாணத்துலயும் சிறுபான்மை ஆயிட்டாங்க, அவங்க மனக்குறைக்கு நியாயம் இருக்குன்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அரசியல் காரணத்தை மறைக்கல. ஆனா இந்தத் தடவை கேட்கப்படாதவங்க கிழக்கு வங்காள முஸ்லிம்கள். நேத்து வரைக்கும் ‘மாத்த முடியாதது’ன்னு சொன்னதை இன்னைக்குக் காலையில ஒரு மன்னர் மாத்திட்டார்னு அவங்க கேள்விப்பட்டாங்க. 1912 ஜனவரியில ஹார்டிஞ்ச் டாக்காவுக்குப் போய் உங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் தர்றோம்னு சொன்னார். அது திறந்தது 1921-ல.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு சின்னப் பங்கு உண்டு. சென்னைக்கு கவர்னரா வந்து சில மாசமே ஆன கார்மைக்கேல் பிரபுவை 1912-ல ஒண்ணுசேர்ந்த வங்காளத்தோட முதல் கவர்னரா அனுப்பினாங்க.

அப்போ பாடம் என்ன? காரணத்தை மறைச்சது 1903-ல தப்பாப் போச்சு. 1911-ல காரணத்தைச் சொன்னாங்க, யாருக்கு அடி விழுமோ அவங்ககிட்ட முன்கூட்டிப் பேசல. அதுவும் காயத்துலதான் முடிஞ்சுது. நல்ல நடை ரெண்டு கடிதத்தையும் காப்பாத்தல.

கஞ்சத்தோட பதில்

உங்கள்ல சிலர் இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்த மாதிரிக் கடிதம் எழுதுற இடத்துல இருப்பீங்க. டீம் லீடா, மேனேஜரா, ஒரு சங்கத்தோட செயலாளரா, அபார்ட்மென்ட் அசோசியேஷன்லகூட இருக்கலாம். ரெண்டு டீமை இணைக்கணும், ஒருத்தரோட ஏரியாவை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கணும், ஒரு கிளையை மூடணும். வசதிக்காகன்னு ஒரு வரி எழுதுறது ரொம்பச் சுலபம்.

என் பார்வையில, இந்தப் பழைய கடிதங்களை வெச்சு மூணு கேள்வி கேட்டுக்கலாம். ஒண்ணு, ஃபைலுக்குள்ள நான் எழுதின காரணமும் வெளியே எழுதின காரணமும் ஒண்ணா? வேற வேறன்னா அது ஒரு நாள் வெளியே வரும். ரிஸ்லியோட நோட்டுக்குப் பல பத்து வருஷம் ஆச்சு, இன்னைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு அஞ்சு நிமிஷம் போதும். ரெண்டு, எது முடிவாயிருச்சு, எது இன்னும் முடிவாகலன்னு தெளிவாச் சொல்லியிருக்கேனா? முடிவு பண்ணிட்டுக் கருத்துக் கேட்கிறது கேட்காம இருக்கிறதைவிட மோசம். மூணு, இந்த முடிவை எடுத்தது யாருன்னு கடிதத்துல இருக்கா? ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ன்னு படிக்கிறவங்களுக்குப் பேச ஒரு ஆள்கூடக் கிடைக்காது.

நாலாவதா ஒண்ணு இருக்கு. அதுக்கு கஞ்சம் மாவட்டத்துக்குத் திரும்பணும்.

1903 கடிதம் ரெண்டு பக்கம் கருத்துக் கேட்டுச்சு. ஒரு பக்கம் கிழக்கு வங்காளம். இன்னொரு பக்கம் சென்னை மாகாணம், கஞ்சத்தைக் கொடுக்குறீங்களான்னு. சென்னை அரசாங்கம் முடியாதுன்னு பதில் எழுதுச்சு. அந்த எதிர்ப்பை ஏத்துக்கிட்டு கஞ்சம் யோசனையை இந்திய அரசு கைவிட்டுடுச்சு. கஞ்சம் 1936-ல ஒரிசா தனி மாகாணமாகிற வரைக்கும் சென்னையோடதான் இருந்துச்சு. கஞ்சத்துல இருந்த ஒரியா மக்கள் ஒரிசாவோட சேரணும்னு ஆசைப்பட்டாங்க, அவங்க ஆசையும் 33 வருஷம் காத்திருந்துச்சு.

ஒரு அரசாங்கம் ஒரு பதில் கடிதம் எழுதுச்சு, கோடு நின்னுடுச்சு. கிழக்கு வங்காளத்துல 500 கூட்டம் நடந்துச்சு, கோடு இன்னும் உள்ள தள்ளி விழுந்துச்சு. அதே கடிதம், அதே கேள்வி. பதிலைப் படிச்சவங்க எழுத்தைப் பார்க்கல, மேல இருந்த லெட்டர்ஹெட்டைப் பார்த்தாங்க. அடுத்த தடவை உங்க இன்பாக்ஸ்ல ‘உங்கள் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன’ன்னு ஒரு வரி வந்தா, அல்லது அந்த வரியை நீங்களே எழுதப் போனா, அது யாரோட கருத்தைன்னு ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க.